காற்று முறை

ஆனி 2, ஞாயிறு

என் பெயர் தாணுமாலையன். இதை எழுதியது நானே.

ஆனி 3, திங்கள்

நேற்று எழுதிய வரியைக் காலையில் எழுந்ததும் பார்த்தேன். அப்படியே இருந்தது.

ஆனி 5, புதன்

பெரியவர்களுக்கான எழுத்து வகுப்பு போன வாரம் முடிந்துவிட்டது. அமலா டீச்சர் எல்லோருக்கும் ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்தார். "அன்னன்னைக்கு நடந்ததை எழுதுங்க. எனக்குக் காட்ட வேண்டாம்" என்றார். நடந்தது: கோழி முட்டையிட்டது. குழாயில் தண்ணீர் வரவில்லை. சைக்கிள் ஓட்டினோம்.

இவ்வளவு எழுதுவதற்குள் என் மனைவி பகவதி சோறு வடித்துக் குழம்பும் வைத்துவிட்டாள். "என்ன எழுதுதிய, பத்திரமா?" என்று கேட்டாள்.

ஆனி 7, வெள்ளி

சைக்கிள் ஓட்டினோம் என்று எழுதினேன். யார் யார் என்று எழுதவில்லை. நாங்கள் நான்கு பேர்.

மிக்கேல் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊர் ஆனைக்கல்விளையிலேயே பெரிய ஆள் அவர்தான். நிலைப்படியில் தலை குனிந்துதான் வருவார். நம்பி வாழைக்காய்க் கமிஷன் கடை வைத்திருந்தவர். வாய் அதிகம். மைதீன்பிச்சை சைக்கிள் கடைக்காரர். பேச்சு குறைவு. நான்காவது நான். சந்தைக்கு வாழைத்தார் சுமந்தவன். சைக்கிளில்தான்.

நான்கும் இரும்பு வண்டி. கறுப்பு. கம்பி பிரேக். என்னுடையது இருபத்து நாலு இஞ்ச். எனக்கு அது உயரம். தார் கட்ட உயரமான வண்டி வேண்டுமென்று அந்தக் காலத்தில் பழையதாக வாங்கினேன். சீட்டை அடிமட்டத்துக்கு இறக்கி வைத்திருக்கிறேன். அப்படியும் பெடல் கீழே போகும்போது கால்விரல் நுனிதான் எட்டும்.

"இது உமக்குள்ள வண்டி இல்ல வே" என்று மைதீன்பிச்சை இன்றும் சொல்வார். ஆனால் காற்றடித்துக் கொடுப்பார்.

ஆனி 10, திங்கள்

காற்று தொடங்கிவிட்டது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக நுழைந்து எங்கள் பக்கம்தான் முதலில் வரும். அதனால்தான் இங்கே எங்கு திரும்பினாலும் காத்தாடி. ஒவ்வொன்றும் பனையைவிட உயரம். கரண்டு எடுக்கிறார்கள்.

காலையில் நாங்கள் மேற்கே போவோம், காற்றுக்கு எதிராக. கடைசியில் ஒரு டீக்கடை. குடித்துவிட்டுத் திரும்பும்போது மிதிக்கவே வேண்டாம்.

எங்களுக்கு ஒரு முறை உண்டு. முன்னால் போகிறவர் காற்றை வாங்குவார். மற்றவர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போவார்கள். ஊர் எல்லையிலிருந்து இசக்கியம்மன் கோயில் வரை ஒருவர். கோயிலிலிருந்து சப்ஸ்டேஷன் வரை ஒருவர். அங்கிருந்து உடைந்த கிணறு. பிறகு டீக்கடை. ஒருவர் முறை முடிந்ததும் இடது கையைத் தூக்கிவிட்டு வால் பக்கம் போய்விடுவார். அடுத்தவர் முன்னால் வருவார். முறை தவறியவருக்குத் தண்டனை: அவருடைய டீயை வாங்கி மேசையில் வைத்து, மற்றவர்கள் குடித்து முடிக்கும் வரை தொடவிட மாட்டோம். ஆறிய டீதான் கிடைக்கும்.

என் முறை வரும்போது நம்பி புலம்புவார். "உம்ம பின்னால ஒதுங்குறதும் ஒண்ணு, வேலிக் கம்பிக்குப் பின்னால ஒதுங்குறதும் ஒண்ணு வே. ஒரு சுத்துச் சதை போடக்கூடாதா?"

மிக்கேல் முன்னால் போனால் சுவருக்குப் பின்னால் போவதுபோல் இருக்கும்.

ஆனி 12, புதன்

இன்று போர்டுகள் படித்தேன். ஓட்டிக்கொண்டே படிப்பது கஷ்டம். எழுத்து நின்றுகொண்டிருக்கிறது, நான் நகர்கிறேன். "இசக்கியம்மன் திருக்கோயில்" என்பதை முழுசாகப் படித்தேன். இத்தனை வருடம் அந்த போர்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

எனக்குப் பின்னால் வந்த மிக்கேல், "அடுத்தது என்ன வே போட்டிருக்கு?" என்றார். சொன்னேன். "பாஸ்" என்றார். "காத்தாடியில நம்பர் என்ன?" சொன்னேன். "பாஸ். அந்தால வாற பஸ்ஸு எந்த ஊரு?" சொன்னேன். "பாஸ்."

வழி முழுக்கப் பரீட்சைதான். அமலா டீச்சர்கூட இவ்வளவு கேட்டதில்லை. இந்த வயதில் எனக்காக இப்படிப் பொறுமையாக ஒருவர் கேள்வி கேட்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனி 13, வியாழன்

செயினுக்கு எண்ணெய் விட்டேன். பகவதிக்குப் பல்வலி.

ஆனி 15, சனி

ஒரு போர்டைப் பாதி படித்து மீதியை நானாகச் சொல்லிவிட்டேன். "வேகமாகச் செல்லவும்" என்றேன். மிக்கேல் பாஸ் போட்டார். திரும்பி வரும்போது இறங்கி நின்று பார்த்தேன். "வேகத்தைக் குறைக்கவும்" என்று இருந்தது.

பஸ் ஓட்டியவருக்கு அது தெரியாமல் இருக்குமா? என் மனம் நோகக்கூடாது என்று விட்டிருப்பார்.

ஆனி 17, திங்கள்

காற்று பலத்ததால் இன்றுதான் இந்த வருட முறையைத் தொடங்கினோம். முதல் நாளே மிக்கேல் முறை தவறினார். கோயிலிலிருந்து சப்ஸ்டேஷன் வரை அவருடைய முறை. நம்பி கையைத் தூக்கிவிட்டுப் பின்னால் போய்விட்டார். மிக்கேல் முன்னால் வரவில்லை. எனக்குப் பின்னாலேயே வந்தார். வேறு வழியில்லாமல் நான் முன்னால் போனேன்.

"ஏன் வே, உடம்பு சரியில்லையா?" என்றார் நம்பி.

"இல்ல. இன்னைக்கு வேண்டாம்."

"காத்தைக் கண்டு பயந்துட்டீராக்கும்."

ஆறிய டீ குடித்தார். முகத்தைச் சுளிக்காமல் குடித்தார்.

ஆனி 20, வியாழன்

ஒரு காத்தாடி இறக்கையை லாரியில் ஏற்றி எங்கள் ரோட்டில் கொண்டுபோனார்கள். நாங்கள் இறங்கி ஓரமாக நின்றோம். தலை போய்விட்டது, உடம்பு வந்துகொண்டே இருக்கிறது, வால் இன்னும் வளைவில் இருக்கிறது. லாரிக்கு முன்னால் சிவப்புக் கொடியோடு ஒருவர் நடந்தார்.

"இது தெரியுது வே" என்றார் மிக்கேல் சந்தோஷமாக.

"இதுகூடத் தெரியலன்னா எப்படி?" என்றார் நம்பி. எல்லோரும் சிரித்தோம்.

ஆனி 23, ஞாயிறு

நாகர்கோவிலிலிருந்து கியர் சைக்கிள் பையன்கள் ஒரு கூட்டமாக வந்தார்கள். தலையில் தொப்பி, கறுப்புக் கண்ணாடி. டீக்கடையில் எங்கள் வண்டிகளைச் சுற்றி நின்று போட்டோ எடுத்தார்கள். ஒருவன் என் வண்டியைத் தூக்கிப் பார்த்து, "அம்மாடி" என்று வைத்துவிட்டான். அவனுடையதை நான் ஒரு கையால் தூக்கினேன். தூக்கிய பிறகு என்ன செய்வதென்று தெரியவில்லை. நானும் வைத்துவிட்டேன்.

அவன் வண்டிக்கு ஸ்டாண்டு இல்லை. கேரியர் இல்லை. நடுக் கம்பி சரிந்து இறங்குகிறது. "இதுல ஆளை எங்க உக்கார வைப்ப?" என்று மிக்கேல் கேட்டார். "ஒரு ஆள்தான் அங்கிள்" என்றான் பையன். மிக்கேலுக்கு அவன்மேல் இரக்கமாகப் போய்விட்டது.

கிளம்பும்போது கையைத் தூக்கிவிட்டுப் போனார்கள். எங்களைப் போலவே இடது கை.

ஆனி 25, செவ்வாய்

மிக்கேல் இன்றும் முன்னால் வரவில்லை. இது பழகிவிட்டது. ஆறிய டீயும் பழகிவிட்டது. நம்பிக்குத்தான் பழகவில்லை.

எனக்கு ஒன்று விளங்கவில்லை. காற்றுக்குப் பயந்தவர் என்றால் நம்பிக்குப் பின்னால் ஒதுங்கலாம். நம்பிக்கு முதுகு அகலம். மைதீன்பிச்சைக்குப் பின்னாலும் ஒதுங்கலாம். இவர் எப்போதும் எனக்குப் பின்னால்தான் வருகிறார். நான் கடைசியில் போனால் அவரும் கடைசிக்கு வந்துவிடுகிறார். என் பின்னால் என்ன மறைவு இருக்கிறது?

போர்டு படிக்கச் சொல்லத்தான் வருகிறார் போலிருக்கிறது. நல்ல மனிதர்.

ஆனி 30, ஞாயிறு

சண்டை.

அதற்கு முன்னால் ஆடிக் கடைசி வெள்ளியைப் பற்றி எழுத வேண்டும். வருடத்தில் அந்த ஒரு நாள் நாங்கள் டீக்கடையோடு திரும்புவதில்லை. கணவாயைத் தாண்டித் தோவாளைப் பூச்சந்தை வரை போவோம். ரயில் பாதையை ஒட்டின பழைய ரோடு. நம்பியும் நானும் வீட்டுக்குப் பூ வாங்குவோம். மைதீன்பிச்சை மகளுக்கு வாங்குவார். மிக்கேல் பிச்சிப்பூ வாங்குவார். அது செலினுக்கு. செலின் அவருடைய மனைவி. தோவாளைக்காரி. சர்ச்சுக்குப் பின்னால் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறாள். பூ வாடுவதற்குள் கொண்டுவந்து வைத்துவிடுவார்.

கணவாய்க்குள் காற்று ஆளைத் தள்ளிவிடும். அந்த இடத்தில் முன்னால் போவதற்குக் கணவாய் முறை என்று பெயர். அது மிக்கேலுடையது. யாரும் கொடுத்ததில்லை. அவரால்தான் முடியும் என்பதால் அவருடையது.

இன்று நம்பி டீக்கடையில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "இந்த வருஷம் கணவாய் முறை எனக்கு. காத்து வாங்காதவனுக்கு அங்க என்ன வேலை?"

மிக்கேல் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பேசும் வே. முடியலன்னா முடியலன்னு சொல்லும். யாரு உம்ம கழுத்தைப் பிடிக்கா? அடுத்தவன் முதுகைத் திங்காதீரும்."

"கணவாய் வரட்டும், பாப்போம்" என்றார் மிக்கேல்.

"என்னத்தப் பாப்பீரு?"

மிக்கேல் எழுந்து போய் வண்டியை எடுத்தார். திரும்பும்போது நான் மட்டும் போர்டு படித்தேன். பாஸ் வரவில்லை.

ஆடி 1, புதன்

ஆடிக்கூழ். பகவதியின் பல் பிடுங்கியாயிற்று.

ஆடி 2, வியாழன்

மைதீன்பிச்சை ஒவ்வொரு ஆடியிலும் நான்கு வண்டியையும் கழற்றி மாட்டுவார். இன்று என்னுடையது. என் வண்டியின் செயின் கவர் பல வருடமாக ஆடும். கடகட, கடகட என்று ஒரே சத்தம். நான் வருவது தெருவுக்கே தெரியும். "இத ஏன் வே இப்படியே விட்டு வச்சிருக்கீரு?" என்று இரண்டு வாஷர் போட்டு முறுக்கிவிட்டார்.

மாலையில் ஓட்டிப் பார்த்தேன். சத்தமே இல்லை. டயர் மண்ணில் உரசுவதுகூடக் கேட்டது. புதுமாப்பிள்ளைபோல் வீடு வந்தேன். நான் வந்ததே பகவதிக்குத் தெரியவில்லை. திடுக்கிட்டுத் திட்டினாள்.

ஆடி 3, வெள்ளி

மிக்கேல் விழுந்துவிட்டார்.

நான் முன்னால். மிக்கேல் எனக்குப் பின்னால். வண்டி சத்தமில்லாமல் ஓடியது. அதை வாய்ச் சத்தத்தால் கெடுக்க மனம் வரவில்லை. போர்டு எதுவும் படிக்கவில்லை. உடைந்த கிணற்றுக்கு முன்னால் ரோடு வலது பக்கம் வளையும். நான் வளைந்தேன். அவர் வளையவில்லை. நேரே போய் உடைமரத்துக்குள் விழுந்தார்.

முள் எடுக்கவே நேரம் பிடித்தது. நெற்றியில் காயம். மணிக்கட்டு வீங்கிவிட்டது. அவருடைய வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஹேண்டில் மட்டும் திரும்பியிருந்தது. மைதீன்பிச்சை முன்சக்கரத்தை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிச் சரி செய்தார்.

"காத்தும் வாங்க மாட்டீரு, வளைவும் பாக்க மாட்டீரு. என்ன டிரைவரு வே நீரு?" நம்பி பயத்தில் கத்தினார் என்று நினைக்கிறேன்.

"ஒரு கல்லு வே. தட்டிட்டு" என்றார் மிக்கேல்.

மாலையில் நான் மட்டும் போய்ப் பார்த்தேன். கல் எதுவும் இல்லை. காற்று தள்ளியிருக்கும்.

ஆடி 5, ஞாயிறு

மிக்கேலைப் பார்க்கப் போனேன். மகள் ரெஜினா அவருடைய சைக்கிளை ஜன்னல் கம்பியோடு சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தாள். நான் கேட்டைத் திறந்து உள்ளே போய் நின்றேன். மிக்கேல் வாசலில் நாற்காலி போட்டு என்னைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நல்ல வெயில்.

"யாரது?" என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"நான்தான் வே. தாணு."

"சத்தமே இல்லாம வாரீரு?"

"செயின் கவரை மைதீன்பிச்சை முறுக்கிட்டாரு."

"எப்ப?"

"வியாழக்கிழமை."

அவர் வெகுநேரம் சிரித்தார். நெற்றிக் கட்டு நகரும்வரை சிரித்தார். "அதான் வே. நான் கிறுக்கன் மாதிரி கல்லு கில்லுன்னு சொல்லிட்டுக் கிடக்கேன்."

எனக்குப் புரியவில்லை என்று எழுதலாம். ஆனால் அப்போது புரிந்துவிட்டது.

"பங்குனியில இருந்து" என்றார். "உம்ம மூஞ்சி எங்க இருக்கோ அங்க ஒரு கறுப்பு. சுத்தி எல்லாம் இருக்கு. உம்ம காது ரெண்டும் இருக்கு. பின்னால முருங்கைமரம் இருக்கு. நீரு இல்ல."

"டாக்டர்ட்ட?"

"போனது வராதாம். ஓரம் நிக்குமாம்."

ரெஜினா டீ கொண்டுவந்து தந்தாள். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு கிளாஸை ஸ்டூலில் வைக்கப் போனார். ஸ்டூலுக்குப் பக்கத்தில் வைத்தார். அவள் துணி எடுக்கப் போனாள்.

"அப்ப அந்தப் பரீட்சை?" என்றேன்.

"நீரு படிச்சாத்தான் எங்க இருக்கோம்னு எனக்குத் தெரியும்."

"நான் தப்பாப் படிச்சிருந்தா?"

"எனக்கு எப்படி வே தெரியும்? நீரு படிச்சதுதான் சரி."

நம்பியிடம் சொல்லக்கூடாது என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். "அத்தனை சனத்தை வச்சு ஓட்டினவன் வே நான். கண்ணு போன டிரைவர்னு ஒருத்தன் சொல்லிட்டான்னா, பழைய டிரிப்பு எல்லாத்தையும் சந்தேகப்படுவானுவ."

கிளம்பும்போது கேட்டார். "செலினுக்கு இந்த வருஷம் பஸ்ல போய்தான் பூ வாங்கணும், என்ன?" சத்தமில்லாத வண்டியை உருட்டிக்கொண்டு வந்தேன்.

ஆடி 6, திங்கள்

நான்கு பேர் போன ரோட்டில் மூன்று பேர் போனோம். போர்டுகள் எல்லாம் இருந்தன. ஒன்றும் படிக்கவில்லை.

ஆடி 9, வியாழன்

மைதீன்பிச்சை கடைக்குப் போனேன்.

"செயின் கவர் ஆடணும்" என்றேன்.

"என்னது?"

"முன்ன மாதிரி ஆடணும்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு ஸ்பேனரை எடுத்து வாஷர்களைக் கழற்றினார். தட்டிப் பார்த்தார். கடகட என்றது. "போதுமா?" என்றார். "போதும்." வேறு எதுவும் கேட்கவில்லை. மிக்கேலுக்கு எப்படி இருக்கிறது என்றும் கேட்கவில்லை. அதிலிருந்து அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

நேரே மிக்கேல் வீட்டுக்குப் போனேன். தெரு முனையில் திரும்பும்போதே, "வாரும் வே தாணு" என்று குரல் வந்தது.

ஆடி 12, ஞாயிறு

இரண்டு நாளாக ஒரு யோசனை. பகவதியிடம் சொன்னேன். "ரெண்டு பேருக்கும் சேத்து எத்தனை வயசாச்சு?" என்றாள். கூட்டிப் பார்க்கவில்லை.

ஆடி 14, செவ்வாய்

மிக்கேலிடம் சொன்னேன். என் வண்டி. சீட்டில் அவர், மிதிப்பது அவர். முன் பாரில் நான். ஹேண்டிலும் பிரேக்கும் பெல்லும் என் கையில்.

வாயைப் பிளந்தார். "தோவாளையில இருந்து செலினை பார்லதான் வச்சு கொண்டாந்தேன். கல்யாணம் முடிஞ்ச ரெண்டாம் நாளு. பஸ்ல போன அவ அண்ணன்மாருக்கு முந்தி வந்து சேந்தோம். பின்னால இருந்து பாத்தா கொண்டை நிறையப் பூவு. இப்ப அந்த இடத்துல உம்ம வழுக்கையையா வே நான் பாக்கணும்?"

"உமக்குத்தான் அந்த இடம் தெரியாதே."

சொல்லிய பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கு உறைத்தது. அவர் என் தோளில் ஓங்கி அடித்தார். இன்னும் வலிக்கிறது.

ஆடி 16, வியாழன்

மைதீன்பிச்சை சீட்டை ஏற்றினார். எண்ணெய் விட்டுத் தட்டித் தட்டி ஏற்ற வேண்டியிருந்தது. உள்ளே இருந்த கம்பி வெளியே வந்தது. வாங்கிய நாள் முதல் நான் பார்க்காத இடம். கடையில் புதிதாகத் தொங்குவதுபோல் பளபளவென்று இருந்தது. பாரில் துண்டைச் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டினார்.

"இப்பத்தான் வண்டி அளவா இருக்கு" என்றார்.

ஆடி 19, ஞாயிறு

பூசை முடிந்து கூட்டம் கலைந்த பிறகு சர்ச் மைதானத்தில் ஓட்டிப் பார்த்தோம். முதலில் விழுந்தோம். பிறகும் விழுந்தோம். நான் ஒரு பக்கம் திருப்ப, அவர் ஒரு பக்கம் சாய்ந்தார். டிரைவர் அல்லவா, கை சும்மா இருக்காது. "ஹேண்டிலை விடும் வே" என்று கத்தினேன். கடைசியில் கைகளைச் சீட்டுக்கு அடியில் பிடித்துக்கொண்டார். வண்டி நேராக ஓடியது.

என்ன கால்கள்! நான் வாழ்நாளில் இந்த வண்டியை இவ்வளவு வேகமாகப் பார்த்ததில்லை.

ரெஜினா எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. புளியமரத்தடியில் நின்றாள். "தாணு மாமா, அப்பா விழுந்தா யாரு பொறுப்பு? நீங்களும் சேந்து ஆடுதிய."

"விழுந்தா நான்தான் முதல்ல விழுவேன் தாயி. முன்னால இருக்கது நான்தானே."

சிரிக்கக்கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பழைய ரோட்டில் மட்டும் போக வேண்டும், பெரிய ரோட்டில் குறுக்கே போகும்போது இறங்கி உருட்ட வேண்டும், மூன்று பேரும் கூடவே இருக்க வேண்டும் என்றாள். எல்லாவற்றுக்கும் சரி என்றோம். நம்பிக்குத் தெரியாமல் எப்படி என்று நான் கேட்டேன்.

"அத நான் பாத்துக்கிடுதேன்" என்றார் மிக்கேல்.

ஆடி 22, புதன்

மைதானத்தில் ஓட்டினோம். விழவில்லை.

ஆடி 26, ஞாயிறு

மைதானத்தில் ஓட்டினோம். அவரை வீட்டில் விட்டுவிட்டு வண்டியை உருட்டிக்கொண்டு திரும்பினேன். சீட்டு உயரத்தில் இருப்பதால் எனக்குக் கால் எட்டாது. காலையில் நம்பியோடும் மைதீன்பிச்சையோடும் போவதற்கு மகனுடைய சைக்கிளை எடுத்துக்கொள்கிறேன். "இரும்பு வண்டி என்னாச்சு?" என்று நம்பி கேட்டார். ரிப்பேர் என்றேன்.

ஆடி 31, வெள்ளி

இன்று முழுவதையும் எழுதிவிட்டுத்தான் படுப்பது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

விடிந்தும் விடியாமல் ஊர் எல்லையில் கூடினோம். நம்பி முதல் ஆளாக நின்றார். மிக்கேல் சீட்டிலும் நான் பாரிலுமாக வந்து இறங்கியதைப் பார்த்தார்.

"என்ன வே இது, மறுவீடா? பொண்ணு யாரு, மாப்பிள்ளை யாரு?"

நான் பதில் தேடினேன். மிக்கேல் முந்திக்கொண்டார்.

"நம்பி, எனக்குக் கண்ணு நடுவுல போயிட்டு. பங்குனியில இருந்து. ஓரந்தான் இருக்கு. அதான் முன்னால வரல. வந்திருந்தா உங்க மூணு பேரையும் கிணத்துக்குள்ள கொண்டு எறக்கியிருப்பேன்." பிறகு சாதாரணமாகச் சொன்னார். "இன்னைக்குத் தாணு பாத்துக்கிடுவாரு. கணவாய் முறை எனக்கு."

நம்பி மைதீன்பிச்சையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "எல்லாருக்கும் தெரியுமா?" என்றார். அவர் குனிந்து, ஏற்கெனவே நன்றாக இருந்த தன் டயரை அமுக்கிப் பார்த்தார். பிறகு, "ரெண்டு பேரா இருந்தாலும் ஒரு முறைதான். கூடுதல் சலுகை கிடையாது" என்று சொல்லிவிட்டு ஏறினார்.

கணவாய் வரை நம்பியும் மைதீன்பிச்சையும் மாறி மாறி முன்னால் போனார்கள். பெரிய ரோட்டில் இறங்கி உருட்டினோம். பழைய ரோடு தொடங்கும் இடத்தில் நம்பி இடது கையைத் தூக்கினார். நாங்கள் முன்னால் போனோம்.

காற்று ஒரு ஆள்போல் எதிரில் நின்றது. என் வேட்டி படபடவென்று அடித்தது. கண்ணில் நீர் வழிந்தது. துடைக்கக் கையை எடுக்க முடியாது. பின்னால் அவருடைய மூச்சு. செயின் கவர் கடகட என்றது. பெடல் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் வண்டி ஒரு அடி காற்றுக்குள் நுழைந்தது. இரும்பு முனகியதே தவிர வளையவில்லை.

"படியும் வே" என்று கத்தினார்.

படித்தேன். "ரயில்வே எல்லை!"

"பாஸ்!"

"பாலம் குறுகலானது!" ஓரமாகத் திருப்பினேன். அவர் நான் சொல்லாமலே என்னோடு சாய்ந்தார்.

"பாஸ்!"

"இங்கு... இங்கு... இளநீர் கிடைக்கும்!"

"அது எதுக்கு வே எனக்கு?" என்று கத்தினார். சிரிப்பில் வண்டி ஆடியது.

பின்னாலிருந்து நம்பியின் குரல் கேட்டது. "ரெண்டு பேரு மறைச்சா இதுதான் வே செவரு! ஒரு பொட்டுக் காத்து இல்ல!"

கணவாய் முடிந்ததும் மிக்கேல் இடது கையைத் தூக்கினார். நான் தூக்கவில்லை. ஹேண்டிலைப் பிடித்திருந்தேன்.

தோவாளையில் பூ வாங்கினோம். மிக்கேல் ஒவ்வொரு கூடையிலும் முகத்தை வைத்து முகர்ந்து பிச்சியைத் தேர்ந்தெடுத்தார். "நடுவுல தெரியலன்னா என்ன, மூக்கு நடுவுலதானே இருக்கு" என்றார். பூக்காரி சிரித்துக்கொண்டே ஒரு கை அதிகம் போட்டாள்.

சந்தைக்கு வெளியே டீக்கடை. நான்கு டீ வந்தது. நாங்கள் குடித்தோம். நம்பி தன் கிளாஸை மேசையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மிக்கேல் கடைசிச் சொட்டைக் குடித்துக் கிளாஸைக் கீழே வைக்கும் வரை தொடவில்லை. வைத்த பிறகு எடுத்தார். ஏடு படிந்திருந்தது. ஒரே மடக்கில் குடித்தார்.

"நம்பி டீ குடிச்ச சத்தம் எனக்குக் கேக்கவே இல்லையே" என்றார் மிக்கேல்.

"ஆறிட்டு" என்றார் மைதீன்பிச்சை.

மிக்கேல் கையை நீட்டித் துழாவினார். நம்பியின் முழங்கை அகப்பட்டது. அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு எல்லோரும் எழுந்தோம்.

திரும்பும்போது காற்றே கொண்டுவந்து விட்டது. நால்வருமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். மிக்கேல் பூவை வைத்தார். "கல்லுல எழுத்து இருக்கா, அழிஞ்சிட்டா? ரொம்ப நாளாப் பாக்கல" என்றார். நான் குனிந்து படித்தேன். "செலின். மிக்கேலின் மனைவி." அதற்குக் கீழே பிறப்பும் இறப்பும். மெதுவாகப் படித்தேன். பாதி படித்து மீதியை நானாகச் சொல்லவில்லை.

"பாஸ்" என்றார்.

ஆவணி 1, சனி

தோளும் தொடையும் வலி. பகவதி நான் வாங்கிவந்த பூவை இன்றும் வைத்திருக்கிறாள்.

ஆவணி 3, திங்கள்

மகன் வேலைக்குப் போக அவன் சைக்கிளைத் திரும்ப எடுத்துக்கொண்டான். நான் இரும்பு வண்டியை உருட்டிக்கொண்டு சந்தைக்குப் போய் உரச்சாக்கு ஏற்றி வந்தேன். வழியில் மைதீன்பிச்சை கடையை விட்டு இறங்கி வந்தார்.

"உருட்டிட்டே போறீரே. ரெண்டு நிமிஷம் நில்லும், சீட்டை எறக்கித் தாரேன்."

"இருக்கட்டும்."

"எட்டாதே வே."

"நாளைக்குக் காலையில மிக்கேல் வரணும்லா" என்றேன்.

செயின் கவரை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுக் கடைக்குள் போய்விட்டார்.